முப்பத்தொன்றாம் பக்கத்து வினைச்சொல்

துறைமுகத்துக்குப் பின்னாலிருந்த அலுவலகத் தெருவில் அவளை எல்லோரும் முத்திரையக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஆங்கிலத்தில் இருக்கும் எந்தக் காகிதமும் அவள் தமிழில் எழுதி, அடியில் வட்ட முத்திரையைக் குத்திக் கையெழுத்துப் போட்டால்தான் கம்பெனிகளிலும் அலுவலகங்களிலும் செல்லும். பிறப்புச் சான்றிதழ், கப்பல் சரக்கு ஒப்பந்தம், வங்கி உத்தரவாதம், மருத்துவ அறிக்கை என்று பத்தொன்பது வருஷமாக அவள் கை படாத காகிதம் அந்தத் தெருவில் குறைவு. கீழே அவளுடைய அக்கா கணவர் நடத்தும் ஜெராக்ஸ் கடை. மாடியில் ஒரே அறை, ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சுவர் முழுக்கக் கோப்புகள். அதுதான் அவளுடைய அலுவலகம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கடை திறந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, ஒரு பெண் மாடியேறி வந்தாள். நாற்பது வயதிருக்கும். சட்டைக் கையில் நீலநூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. சீருடை தைக்கும் பட்டறையில் வேலை என்றும் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருப்பதாகவும் உட்காருவதற்கு முன்பே சொன்னாள்.

"என்ன சர்டிபிகேட்மா?" என்று கேட்டாள் முத்திரையக்கா.

"சர்டிபிகேட் இல்லக்கா. இது நீங்க எழுதினதுதான். உங்க முத்திரை இருக்கு பாருங்க."

பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரே ஒரு தாளை எடுத்து நீட்டினாள். பல தடவை மடித்துப் பிரித்ததில் மடிப்புகள் நைந்திருந்தன. மேலே பக்க எண் முப்பத்தொன்று. நடுவில் ஒரு வரிக்குக் கீழே பென்சில் கோடு. 'கிரேன் இயக்குபவர் உத்தரவு வந்தபோது தயங்கினார். அதன் பின் பளு தூக்கப்பட்டது.'

முத்திரையக்காவுக்கு ஞாபகம் வந்தது. எட்டு மாதத்துக்கு முன்னால் துறைமுகத்தில் நடந்த விபத்து. கப்பலிலிருந்து இறக்கிய இரும்புக் குழாய்க் கட்டு காற்றில் ஊசலாடி, கீழே நின்று சங்கிலி மாட்டிக்கொண்டிருந்த ஒருவனின் காலில் மோதிவிட்டது. காப்பீட்டுக்காரர்கள் வெளிநாட்டிலிருந்து ஓர் ஆய்வாளரை அனுப்பினார்கள். அந்த அம்மாள் நாற்பத்திரண்டு பக்கத்துக்கு ஆங்கிலத்தில் அறிக்கை எழுதினாள். துறைமுகக் கம்பெனியின் விசாரணைக் குழுவுக்காக முத்திரையக்கா அதை மூன்றே நாளில் தமிழில் எழுதிக் கொடுத்தாள்.

"அந்த கிரேன் ஓட்டினவர் என் வீட்டுக்காரர்" என்றாள் வந்தவள். "காலு ரெண்டு எடத்துல உடைஞ்சு கெடந்தது என் தம்பி."

முத்திரையக்கா பேனாவைக் கீழே வைத்தாள்.

"இவரை வேலைய விட்டு எடுத்துட்டாங்க. அது போகட்டும். தம்பி வீட்ல எங்களோட பேசறதில்ல. அவர் தயங்கினதாலதான் குழாய் ஆடிச்சுன்னு இந்தப் பேப்பர்லயே இருக்கேங்கறாங்க. நான் எந்தப் பக்கம் பேசறது சொல்லுங்க. புருஷன் ஒரு பக்கம், கூடப் பிறந்தவன் ஒரு பக்கம். இவர்கிட்ட கேட்டா, 'காத்து அடிக்குது, வேணாம்னு சொன்னேன்'னு முதல்ல சொல்லிட்டிருந்தார். இப்பல்லாம் அதுவும் சொல்றதில்ல."

"சரி, நான் என்ன செய்யணும்?"

"இங்கிலீஷ்ல இருக்கற அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு மட்டும் சொல்லுங்கக்கா. பயந்துட்டார்னு இருக்கா, வேணாம்னார்னு இருக்கா? எதுவா இருந்தாலும் பரவாயில்ல. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். என் மனசுக்குத் தெரிஞ்சா போதும்."

முத்திரையக்காவுக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. அவளுடைய வேலையை இதுவரை யாரும் திருப்பிக் கொண்டுவந்து கேட்டதில்லை. "நான் எழுதினது சரியாத்தான் இருக்கும்மா. இருந்தாலும் மூலத்தைப் பார்த்துட்டுச் சொல்றேன். வியாழக்கிழமை வாங்க" என்றாள். குரலில் தன்னையறியாமல் ஒரு விறைப்பு ஏறியிருந்தது அவளுக்கே கேட்டது.

அந்தப் பெண் போன பிறகு கோப்பை இறக்கினாள். முப்பத்தொன்றாம் பக்கம். ஆய்வாளர் எழுதியிருந்தது எட்டே சொல். அதில் வினை ஒன்றுதான் முக்கியம். 'டிமர்' என்ற சொல். அன்றாடம் யாரும் பேசுகிற சொல் அல்ல. பத்திரிகையில்கூட எப்போதாவதுதான் கண்ணில் படும். அகராதியைப் பிரித்தாள். முதல் பொருள், தயங்கு. இரண்டாவது, ஆட்சேபி, எதிர்ப்புத் தெரிவி. அன்று அவசரத்தில் முதல் பொருளைப் பார்த்ததும் விரலை எடுத்திருக்கிறாள்.

அடுத்து அலமாரியின் மேல் தட்டிலிருந்து பெரிய அகராதியை எடுத்தாள். அதில் அந்தச் சொல்லின் பிறவிக் கதையே இருந்தது. பழைய காலத்தில் அதற்குத் தங்கு, தாமதி என்று பொருள். துறைமுகத்தில் கப்பல் காத்துக் கிடந்தால் வாங்கும் டெமரேஜ் கட்டணம்கூட அதே வேரிலிருந்து வந்ததுதான். தாமதி என்பது தயங்கு ஆகி, பிறகு, இது சரியில்லை என்று வாய்விட்டுச் சொல்வது ஆகிவிட்டது. இந்தக் காலத்தில் எழுதுகிறவர்கள் கடைசிப் பொருளில்தான் எழுதுகிறார்கள். அதிலும் சத்தம் போட்டு மறுப்பதற்கு அல்ல. மரியாதையாக, வேலையைத் தூக்கியெறியாமல், வேண்டாமே என்று சொல்வதற்கு. தயங்கு என்ற பொருளுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் 'பழைய வழக்கு' என்று போட்டிருந்தது.

வங்கி உத்தரவாதப் பத்திரங்களில் 'வித்தவுட் டிமர்' என்று ஒரு தொடர் வரும். அதை அவள் நூறு தடவையாவது 'ஆட்சேபணை ஏதுமின்றி' என்று எழுதியிருப்பாள். கண்ணை மூடிக்கொண்டு எழுதுவாள். பத்திரத்தில் பெயராக வந்தபோது தெரிந்த சொல், ஒரு மனுஷனுக்கு வினையாக வந்தபோது தெரியாமல் போய்விட்டது.

மத்தியானம் அக்கா கணவர் இரண்டு டம்ளரில் டீ வாங்கிக்கொண்டு மேலே வந்தார். தினமும் வருவார். டீ குடித்தபடி கீழே நடந்த வம்பையெல்லாம் சொல்லிவிட்டுப் போவது அவருக்கு ஒரு வழக்கம். இன்று அவள் முகத்தைப் பார்த்ததும் வம்பை விழுங்கிவிட்டார்.

"என்னாச்சு?"

"அத்தான், டிமர்னா என்ன தெரியுமா?"

"லைட்டைக் கம்மி பண்ற சுவிட்சு."

"அது டிம்மர். இது வேற."

விஷயத்தைச் சொன்னாள். அவர் டீயைக் குடிக்காமல் கேட்டார். அவர் கெட்டவர் அல்ல. ஆனால் வீட்டுக் கூரையில் ஒரு சொட்டு ஒழுகினாலும் ஊரே மூழ்கப் போகிறது என்று நினைக்கிற ஆள்.

"நீ எழுதினது அகராதியில இருக்கில்ல?"

"இருக்கு."

"முதல் அர்த்தமா இருக்கில்ல? அப்புறம் என்ன. நாளைக்கு யார் கேட்டாலும் அகராதியைக் காட்டு. அகராதியே உன் பக்கம் நிக்குது."

"அகராதி என் பக்கம்தான் அத்தான். வாக்கியம் அவர் பக்கம் நிக்குதே. 'உத்தரவுக்கு' டிமர் பண்ணினார்னு இருக்கு. உத்தரவைப் பார்த்து ஒருத்தர் அப்படிச் செஞ்சார்னா அது ஆட்சேபணைதான். நான் 'உத்தரவு வந்தபோது'ன்னு மாத்தி எழுதிட்டேன். பொருந்தாத சொல்லைப் பொருத்தறதுக்காக உருபையும் வளைச்சிருக்கேன்."

"வெளிய சொன்னா முத்திரையப் பிடுங்கிடுவாங்கம்மா. உனக்கு வேற தொழில் தெரியுமா? ஒரு வார்த்தைக்கு..."

"ஒரு வார்த்தைதான்."

அவர் டீயை ஒரே மடக்கில் குடித்தார். "முதல்ல எழுதினவங்களையே கேளு. அவங்க மனசுல என்ன இருந்துச்சோ. சும்மா நீயா போய்த் தலையக் குடுக்காதே" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அது நல்ல யோசனைதான்.

ஆய்வாளருக்கு அன்றே மின்னஞ்சல் எழுதினாள். தான் யார், என்ன தவறு செய்திருக்கலாம் என்று நினைக்கிறாள் என்பதை மறைக்காமல் எழுதினாள். வியாழக்கிழமை அந்தப் பெண் வந்தபோது, "இன்னும் ஒரு வாரம் குடுங்கம்மா, எழுதினவங்ககிட்டயே கேட்டிருக்கேன்" என்று மட்டும் சொன்னாள். அந்தப் பெண் ஒன்றும் கேட்காமல் தலையாட்டிவிட்டுப் போனாள். காத்திருந்து பழகிவிட்டவள் போல இருந்தது அவள் படியிறங்கிய விதம்.

ஆறாம் நாள் பதில் வந்தது. ஆய்வாளர் அப்போது வேறொரு நாட்டில், வேறொரு துறைமுகத்தில் இருந்தாள். பதில் சுருக்கமாகவும் நேராகவும் இருந்தது. கப்பல் மாலுமிகளுக்கும் புரிய வேண்டும் என்பதால் அங்கே வயர்லெஸ்ஸில் எல்லோரும் உடைந்த ஆங்கிலத்தில்தான் பேசுவார்கள். விபத்து நாளின் ஒலிப்பதிவை அவள் கேட்டிருக்கிறாள். இயக்குபவர் 'விண்ட், நோ குட், வெயிட்' என்று மூன்று தடவை சொல்லியிருக்கிறார். பத்து ஐம்பத்திரண்டுக்கு ஒரு தடவை, பத்து ஐம்பத்தெட்டுக்கு ஒரு தடவை, பதினொன்று மூன்றுக்கு ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் மேற்பார்வையாளர் 'லிஃப்ட்' என்று ஒரே சொல்லில் பதில் சொல்லியிருக்கிறார். தங்கள் அறிக்கைகளில் யார்மேலும் பழி போடும் சொற்களைத் தவிர்ப்பது வழக்கம் என்பதால் அந்த அடக்கமான வினையைப் பயன்படுத்தியதாக எழுதியிருந்தாள். கைப்பட எழுதிய குறிப்புப் புத்தகத்தின் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து இணைத்திருந்தாள். கடைசியில் ஒரு வரி. 'சந்தேகம் இருந்திருந்தால் அப்போதே என்னிடம் கேட்டிருக்கலாம்.'

சந்தேகமே வரவில்லையே என்று முத்திரையக்கா நினைத்துக்கொண்டாள். அதுதான் அவளை அதிகமாக உறுத்தியது.

துறைமுகத்தில் மூன்று மாதத்துக்கு மேல் ஒலிப்பதிவை வைப்பதில்லை. அழித்தாகிவிட்டது. இனி அந்தக் காலையைப் பற்றிய சாட்சி என்று இருப்பது அந்த ஒரு குறிப்பும் அந்த ஒரு வினைச்சொல்லும்தான்.

அன்று சாயங்காலமே அந்தப் பெண்ணின் வீட்டைத் தேடிப் போனாள். நான்காவது மாடி, இரண்டு அறை. கிரேன் ஓட்டுபவர் அப்போதுதான் மரச்சாமான் கிடங்கில் காவல் வேலை முடிந்து வந்திருந்தார். நெடுநெடுவென்று உயரம். துறைமுகத்தில் அவரைக் கொக்கி என்பார்களாம். இருபத்திரண்டு வருஷமாக கிரேனின் உச்சியில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து கொக்கியை ஏற்றி இறக்கினவர். உயரத்துக்குப் பொருந்தாமல் நாற்காலியில் குறுகி உட்கார்ந்திருந்தார். மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு வாசல் நிலையருகிலேயே நின்றாள்.

முத்திரையக்கா சுற்றி வளைக்கவில்லை. "தப்பு என்னோடது" என்று தொடங்கி, எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். கோபப்படுவார் என்று அவள் தயாராக வந்திருந்தாள். அவர் கேட்டது வேறு.

"எத்தனை தடவை சொன்னேன்னு எழுதியிருக்காங்க?"

"மூணு தடவை."

"மூணா?" அவர் நிமிர்ந்தார். "நான் ரெண்டுன்னு நினைச்சேன்."

அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்.

"விசாரணையில நான் சொன்னேன்மா, வேணாம்னு சொன்னேன்னு. அறிக்கையில அப்படி இல்லியே, தயங்கினீங்கன்னுதானே இருக்குன்னாங்க. படிச்சவங்க எழுதினது, ரெக்கார்டைக் கேட்டு எழுதினதுன்னாங்க. வீட்டுக்கு வந்து யோசிச்சுப் பார்த்தேன். ரெண்டு தடவை சொன்ன மாதிரி இருந்துச்சு. அப்புறம் ஒரு தடவைதானோன்னு இருந்துச்சு. போகப் போக, வாயே தொறக்கலியோ, மனசுக்குள்ளதான் சொல்லிக்கிட்டமோன்னு ஆயிடுச்சு. லீவரைப் பிடிச்ச கை ஒரு செகண்டு நின்னிருக்கும், அதுலதான் ஆடியிருக்கும்னு நானே நம்பிட்டேன்." வலது கையைத் திருப்பிப் பார்த்தார். "இந்தக் கையாலதான் அவன் காலை ஒடைச்சேன்னு வச்சுக்கிட்டே எட்டு மாசம் சோறு தின்னுட்டிருக்கேன்."

மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். உள்ளே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. பாத்திரம் எதுவும் கழுவுகிற சத்தம் கேட்கவில்லை.

"மன்னிச்சிருங்கன்னு சொன்னா அது ரொம்பச் சின்ன வார்த்தை" என்றாள் முத்திரையக்கா.

"வார்த்தை சின்னதோ பெரிசோ, நீங்க நாலு மாடி ஏறி வந்தீங்க" என்றார் அவர். "லிஃப்டு வேற வேலை செய்யல."

மறுநாள் துறைமுகக் கம்பெனி அலுவலகத்துக்குப் போய், தான் சான்றளித்த மொழிபெயர்ப்பைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னாள். முன்மேசையில் இருந்த எழுத்தர் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டார்.

"திரும்பப் பெறுறதா? அதுக்குப் படிவமே இல்லியேம்மா. குடுக்கறதுக்குத்தான் படிவம் இருக்கு."

"வெள்ளைத் தாள் இருக்கா?"

"இருக்கு."

"அது போதும்."

நின்றபடியே எழுதினாள். எந்தப் பக்கம், எந்தச் சொல், தான் எழுதியது என்ன, எழுதியிருக்க வேண்டியது என்ன, ஆய்வாளரின் பதில், குறிப்பின் நகல். கீழே முத்திரையைக் குத்தினாள். எழுத்தர் அதைப் படித்துவிட்டு, "இதுல உங்களுக்கு நீங்களே வேட்டு வச்சுக்கறீங்கம்மா, தெரிஞ்சுதான் குடுக்கறீங்களா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். தெரிந்துதான் என்றாள். அவர் வரவு முத்திரை போட்டுத் தேதியைப் பெரிதாக எழுதினார்.

மூன்று வாரம் கழித்து மறுவிசாரணை வைத்தார்கள். நீளமான மேசை, ஏ.சி.யின் உறுமல், ஒரு மூலையில் காய்ந்துபோன தொட்டிச்செடி. குழுவில் மூன்று பேர். தலைவர் ஒரு பொறியாளர், அதிகம் பேசாதவர். அவருக்கு வலப்பக்கம் பணியாளர் அதிகாரி. இடப்பக்கம் தொழிலாளர் தரப்பிலிருந்து ஓர் அம்மாள். எதிரே கொக்கியும் மனைவியும். பின்வரிசையில், யாரும் கூப்பிடாமலே, கைத்தடியைக் காலுக்கு இடையில் நிறுத்திக்கொண்டு ஓர் இளைஞன் வந்து உட்கார்ந்தான். கொக்கியின் மனைவி ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் பிறகு திரும்பவே இல்லை. அதிலிருந்தே அவன்தான் தம்பி என்று முத்திரையக்காவுக்குத் தெரிந்தது.

பணியாளர் அதிகாரி முதலில் தொடங்கினார். போன முறை கொக்கியை வெளியே அனுப்பிய முடிவை எழுதினவர் அவர்தான். "உங்க அகராதி வேணாம். நானே பார்க்கறேன்" என்று கைபேசியில் தட்டினார். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "இதுல வேற மாதிரி இருக்கே. 'நாணமுள்ள, அடக்கமான'ன்னு போட்டிருக்கு."

"அது டிமியூர் சார். கடைசியில ஒரு எழுத்து கூட. அது பெயரடை" என்றாள் முத்திரையக்கா.

"கிரேன்காரர் நாணினார்னு எழுதாம விட்டாங்களே, அந்த மட்டும் சரி" என்றாள் தொழிலாளர் தரப்பு அம்மாள். தலைவர் இருமுவது போல வாயை மூடிக்கொண்டார். கொக்கிகூட ஒரு கணம் சிரித்துவிட்டார். மனைவி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதிகாரி கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். "சரி. நீங்க சொல்ற சொல்லுக்கே தயங்கு, ஆட்சேபின்னு ரெண்டு அர்த்தம் இருக்கு. அன்னிக்கு ஒண்ணை எடுத்தீங்க, இன்னிக்கு இன்னொண்ணை எடுக்கறீங்க. நாளைக்கு வேற ஒருத்தர் வந்து கேட்டா மூணாவதா ஒண்ணு எடுப்பீங்களா?"

நியாயமான கேள்வி. அவள் ஒரு மிடறு தண்ணீர் குடித்தாள்.

"தயங்கறதுங்கறது மனசுக்குள்ள நடக்கறது சார். பக்கத்துல இருக்கறவங்களுக்குக்கூடத் தெரியாது. ஆய்வாளர் அந்த இடத்துலயே இல்ல. நடந்து முடிஞ்சு ஒரு வாரம் கழிச்சு வந்து ரெக்கார்டைத்தான் கேட்டாங்க. ஒருத்தர் மனசுல தயங்கினது ரெக்கார்டுல எப்படிக் கேக்கும்? கேட்டதைத்தானே எழுத முடியும். அப்படின்னா இவர் வாயைத் தொறந்து எதையோ சொல்லியிருக்கணும். இதை நான் அன்னிக்கே யோசிச்சிருக்கணும். யோசிக்கல."

தலைவர் முதல் தடவையாகப் பேசினார். "அந்தச் சொல்லை இன்னிக்கு எப்படி எழுதுவீங்க?"

"'உத்தரவுக்கு ஆட்சேபணை தெரிவித்தார்.' அவ்வளவுதான் சார். ஆனா அதுல ஒரு நுணுக்கம் இருக்கு. உத்தரவை மீறினார்ங்கற அர்த்தம் அதுல வராது. சரியில்லன்னு சொல்லிட்டு, அதுக்கு மேலயும் செய்யச் சொன்னா செய்யறவரைத்தான் அந்தச் சொல் சொல்லும். இவர் அப்படித்தான் செஞ்சிருக்கார். மூணு தடவை சொல்லிட்டு, நாலாவது தடவை உத்தரவுக்குக் கீழ்ப்படிஞ்சிருக்கார்."

தலைவர் ஆய்வாளரின் குறிப்பை எடுத்து மூன்று நேரங்களையும் சத்தமாகப் படித்தார். பத்து ஐம்பத்திரண்டு. பத்து ஐம்பத்தெட்டு. பதினொன்று மூன்று. பின்வரிசையில் கைத்தடி தரையில் நழுவி விழுந்தது. தம்பி அதைக் குனிந்து எடுக்கவில்லை.

"பதினோரு நிமிஷம்" என்றார் தலைவர். "பதினோரு நிமிஷமா இந்த மனுஷன் மேலேருந்து சொல்லிக்கிட்டிருந்திருக்கார்." பணியாளர் அதிகாரி தன் பழைய முடிவின் நகலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, யாரையும் பார்க்காமல், "எனக்குக் கிடைச்சது இந்தத் தமிழ்தான்" என்றார். அதில் பொய் இல்லை. முத்திரையக்கா தலைகுனிந்தாள்.

முடிவை எழுத்தில் அனுப்புவதாகச் சொல்லி எழுந்தார்கள்.

வெளியே மாடிப்படிக்குப் போகும் வராந்தாவில் தம்பி சுவரில் சாய்ந்து நின்றான். கொக்கி அவனைக் கடந்துதான் போக வேண்டும். இரண்டடி தள்ளி நின்றுவிட்டார். மனைவி இருவருக்கும் நடுவில், கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

"எங்கிட்ட வயர்லெஸ் இல்ல மாமா" என்றான் தம்பி. "அன்னிக்குக் கீழ நின்னவங்க யார்கிட்டயும் இல்ல. நீங்க பேசினது எனக்குக் கேக்கல."

"தெரியும்."

"கேட்டிருந்தா நகந்திருப்பேன்."

"தெரியும்பா."

"பேப்பர்ல இருந்ததத்தான் நம்பினேன். ஒரு தடவ நேர்ல வந்து உங்ககிட்ட கேட்டிருக்கலாம். கேக்கல."

"நானே என்னைக் கேட்டு, நம்பாமத்தான் இருந்தேன். நீ என்ன பண்ணுவ." கொக்கி இரண்டடியைக் கடந்து பக்கத்தில் போனார். "கால் எப்படி இருக்கு?"

"மழைனா குடையுது. மத்தபடி நடக்கறேன்."

"படி எறங்குவியா?"

"மெதுவா எறங்குவேன்."

"வா" என்று கொக்கி ஒரு படி முன்னால் இறங்கி நின்று தோளைக் கொடுத்தார். தம்பி கையை வைத்தான். அவனுடைய அக்கா பின்னாலிருந்து, "ரெண்டு பேரும் பார்த்துப் போங்க. உங்களைத் தூக்க இங்க கிரேன் இல்ல" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். அழுதபடியே கைத்தடியைத் தூக்கிக்கொண்டு பின்னால் இறங்கினாள்.

பதினைந்து நாளில் இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று கொக்கிக்கு. அவரை மறுபடி வேலையில் சேர்த்துக்கொள்வதாகவும், அந்த மேற்பார்வையாளரை விசாரிக்கப் போவதாகவும் எழுதியிருந்தார்கள். அவர் போய்ச் சேர்ந்தார். ஆனால் முதல் ஒரு மாதம் கூண்டுக்கு ஏறவில்லை. கீழேயே சரக்கு சரிபார்க்கும் வேலை கேட்டு வாங்கிக்கொண்டார். ஏணிக்குக் கீழே போய் நின்று மேலே பார்த்துவிட்டு வந்துவிடுவார் என்று மனைவி முத்திரையக்காவிடம் சொன்னாள். பிறகு ஒருநாள், யாரிடமும் சொல்லாமல், காலையில் முதல் ஆளாகப் போய் ஏறிவிட்டாராம்.

இரண்டாவது கடிதம், முத்திரை உரிமம் கொடுக்கும் அலுவலகத்திலிருந்து, முத்திரையக்காவுக்கு. ஆறு மாதத்துக்கு அவள் முத்திரையை நிறுத்தி வைத்திருந்தார்கள். அதைக் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டியிருந்தது. அத்தான் அந்தக் கடிதத்தை மூன்று தடவை படித்தார். திட்டப்போகிறார் என்று அவள் காத்திருந்தாள்.

"ஆறு மாசம்தானே" என்றார். "கீழ மிஷினுக்கு ஆள் வேணும்னு உங்கக்காகிட்ட நேத்துதான் சொல்லிட்டிருந்தேன். நாளைலேருந்து எறங்கி வா. ஆனா டீ நீதான் வாங்கணும்."

அவள் இறங்கி வந்தாள். ஜெராக்ஸ் எடுத்தாள், பைண்டிங் போட்டாள், புகைப்படத்தை வெட்டிக் கொடுத்தாள். தெருவில் எல்லோரும் இன்னும் முத்திரையக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். முதலில் அது குத்தியது, பிறகு பழகிவிட்டது. கூட்டம் இல்லாத மத்தியானங்களில் மாடிக்குப் போய், தன் பழைய கோப்புகளை ஒவ்வொன்றாக இறக்கி, மூலத்தையும் தன் தமிழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தாள். அத்தான் இரண்டொரு தடவை, "கிளறாதேம்மா" என்று சொல்லிப் பார்த்தார். பிறகு அவரே மேல் தட்டுக் கோப்புகளை ஸ்டூல் போட்டு இறக்கிக் கொடுத்தார்.

பெரும்பாலும் சரியாகத்தான் இருந்தது. சில இடங்களில் நன்றாகவே எழுதியிருக்கிறோம் என்று அவளுக்கே தோன்றியது. மூன்றாவது மாதம், ஏழு வருஷத்துக்கு முந்தைய ஒரு மருத்துவ அறிக்கையில் வந்து நின்றாள். வயதான ஒருவரைப் பற்றி மருத்துவர் எழுதிய கடைசிப் பத்தி. நோய் 'அபேட்' ஆகிறது என்று ஆங்கிலத்தில் இருந்தது. தணிகிறது என்று பொருள். அவள் 'தொடர்கிறது' என்று எழுதியிருந்தாள். வேறு எதையோ நினைத்துக்கொண்டு எழுதியிருக்க வேண்டும். அந்தக் குடும்பம் அந்த ஒரு வரியை எப்படிப் படித்திருக்கும், அதைப் படித்துவிட்டு என்ன செய்திருக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

கோப்பின் மேல் விலாசம் இருந்தது. நகரத்தின் மறுகோடி, இரண்டு பஸ் மாற வேண்டும். அதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு கீழே இறங்கி, "அத்தான், மிஷினைப் பார்த்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.